கேமராத் திரையில் கீறல்: தேய்ப்பதா, மாற்றுவதா, மேலே கண்ணாடி ஒட்டுவதா?

தைப்பூசத்தன்று விடியற்காலையில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் தொடங்கி, டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகளோடு நடந்தேன். கழுத்தில் ஒரு கேமரா, தோளில் குறுக்காக இன்னொன்று. வீட்டுக்கு வந்து துடைத்தபோதுதான் கவனித்தேன். தோளில் தொங்கிய கேமராவின் திரை முழுக்க முடிபோல மெல்லிய கீறல்கள். பெல்ட் பக்கிள் உரசிக்கொண்டே வந்த இடம் ஒரு விரல் நீளத்துக்கு மங்கியிருந்தது.

எடுக்கும் படத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் வெயிலில் அந்தக் கீறல்கள் வெள்ளிக் கம்பி போல மின்னுகின்றன. காவடி எடுப்பவரின் கண்ணில் ஃபோகஸ் சரியாக விழுந்ததா என்று பெரிதாக்கிப் பார்க்கவே முடிவதில்லை. எனக்கு அதுதான் பெரிய தொந்தரவு.

முதலில் பலரும் சொல்லும் பற்பசை. வேண்டாம். அதில் இருக்கும் சிலிகா, சுண்ணாம்புத் துகள்கள் பல்லுக்காக அரைத்தவை. பிளாஸ்டிக் திரையில் பனி படர்ந்ததுபோல ஒரு மங்கல் வரும். கண்ணாடித் திரையிலோ கீறல் அப்படியே இருக்கும்.

அடுத்தது முறையான பாலிஷ். கைக்கடிகாரங்களின் அக்ரிலிக் மூடியில் விழும் கீறலுக்கென்றே பாலிவாட்ச் என்று ஒரு டியூப் கிடைக்கிறது. என் பழைய சின்ன கேமராவின் திரை பிளாஸ்டிக் என்பதால் அதில் முயன்று பார்த்தேன். மேசை விளக்கடியில் பருத்தித் துணியைச் சுட்டுவிரலில் சுற்றி, பட்டாணி அளவு பசை வைத்து, சின்னச் சின்ன வட்டமாகப் பத்து நிமிடம் தேய்த்தேன். கீறல் நன்றாகவே குறைந்தது. ஆனால் விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் தேய்த்த இடம் மட்டும் அதிகமாகப் பளபளத்தது, மற்ற இடம் பளபளப்பில்லாமல் இருந்தது. கீறலோடு சேர்ந்து ஒளி எதிரொளிப்பைத் தடுக்கும் மேல்பூச்சும் போய்விட்டது. பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள பரப்பைக் குறைக்கிறது. பூச்சோ அந்தக் கீறலைவிட மெல்லியது. அது தப்பிக்க வழியே இல்லை.

கண்ணாடித் திரைக்கு இந்த டியூப் பயன்படாது. அதற்கு சீரியம் ஆக்சைடு என்ற தூளை நீரில் குழைத்து நெடுநேரம் தேய்க்க வேண்டும். சமமாகத் தேய்க்காவிட்டால் அந்த இடம் பள்ளமாகி, பின்னால் தெரியும் படம் நெளியும். கேமராவின் இணைப்புகளில் ஈரம் இறங்கும் ஆபத்தும் உண்டு.

மூன்றாவது, திரையையே மாற்றுவது. சிட்டி ஹால் பக்கம் பழுதுபார்க்கும் ஒரு கடையில் கேட்டேன், 190 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றார்கள். கேமராவை விற்றாலே 400 வெள்ளி கிடைத்தால் அதிகம். திரை உடைந்திருந்தால் மாற்றலாம். வெறும் கீறலுக்காக ஒட்டுப்பசையைச் சூடாக்கித் திறந்து மூடுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது, மேலே ஒட்டும் டெம்பர்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய மெல்லிய கண்ணாடி. 14 வெள்ளி. புதுத் திரையைக் காக்க மட்டும்தான் அது என்று நானும் நினைத்திருந்தேன். கீறல் விழுந்த பிறகு ஒட்டி என்ன பயன்? கோயில் திருவிழாக்களில் கூடவே படமெடுக்கும் ஓர் அண்ணன் என் கேமராவை வாங்கி, துணி நுனியைச் சற்று ஈரமாக்கிக் கீறல்மேல் ஒற்றினார். "இப்ப பாரு தம்பி, எங்க கீறல்?" ஈரம் இருந்த இடத்தில் கீறல் மறைந்திருந்தது. காய்ந்ததும் திரும்ப வந்தது.

காரணம் எளிது. கீறல் நம் கண்ணுக்குத் தெரிவதே அந்தப் பள்ளத்தில் காற்று இருப்பதால்தான். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, காற்றுக்கு 1. இந்த வேறுபாட்டால் பள்ளத்தின் விளிம்பில் ஒளி சிதறுகிறது. தண்ணீருக்கு 1.33, அதனால் சிதறல் குறைகிறது. ஒட்டுக் கண்ணாடியின் அடியில் இருக்கும் பசை பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. ஆக, ஈரத்தில் மறையும் கீறல் பசையிலும் மறையும். காசு போடுமுன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். துணி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக்கூடாது.

நகத்தை மெதுவாக ஓட்டும்போது சிக்குகிற ஆழமான கீறல் முழுதாக மறையாது. எனக்கும் பக்கிள் இடத்தில் ஒரு கோடு மிச்சம் இருக்கிறது. முடிக்கீறல்கள் மட்டும் எல்லாம் போய்விட்டன.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது மறுவிற்பனை. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமரா வாங்குபவர் முதலில் திரையைத்தான் டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்க்கிறார். கீறல் இருந்தால் நன்கு பயன்படுத்திய கேமரா என்று எடுத்துக்கொண்டு விலை பேசுவார். அதே இடத்தில் வட்ட வட்டமாகத் தேய்த்த தடம் தெரிந்தால் முகம் மாறுகிறது. இதைத் தேய்த்தவர் உள்ளே வேறு எதையெல்லாம் நோண்டினாரோ என்ற சந்தேகம் வந்துவிடும். அந்தச் சின்ன கேமராவுக்கு இதனால்தான் நான் எதிர்பார்த்ததைவிட 40 வெள்ளி குறைவாகக் கேட்டார்கள். பழைய பொருள்களை விற்கும் கேரோசல் இணையச் சந்தையில் விற்கப் போனாலும் படத்தைப் பார்த்து இதே கேள்விதான் வருகிறது. ஒட்டுக் கண்ணாடியை உரித்துக் காட்டிவிடலாம், அடியில் இருப்பது இருந்தபடியே இருக்கும். தேய்த்த பூச்சைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

பாலிஷ்தான் சரி என்று சொல்லக்கூடிய ஓர் இடமும் உண்டு. பூச்சு ஏற்கெனவே திட்டுத்திட்டாக உரிந்து, திரை வரைபடம் மாதிரி ஆகிவிட்டால், மிச்சத்தையும் தேய்த்து எடுத்துவிடுவது நல்லது. வெயிலில் எதிரொளிப்பு கூடும், ஆனால் திரை ஒரே சீராகத் தெரியும்.

ஒட்டும்போது தூசிதான் எதிரி. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, நீராவி அடங்கிக் காற்றில் உள்ள தூசி படிந்த பிறகு, கேமராவை உள்ளே கொண்டுபோய் ஒட்டினேன். வரவேற்பறையில் மின்விசிறி ஓட, முதல் தடவை ஒட்டியதில் மூன்று குமிழி. இரண்டாவது தடவை ஒன்றுகூட இல்லை. ஒட்டுமுன் திரையை உடனே துணியால் தேய்க்காதீர்கள். ஊதுபந்தால் ஊதிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். பக்கிள் பித்தளை, அதனால் கண்ணாடியைக் கீற முடியாது. இடையில் சிக்கும் மணல்தான் கீறுகிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் மணல் 7, சாதாரணக் கண்ணாடி சுமார் 5.5.

மடக்கித் திருப்பும் திரை உள்ள கேமராவாக இருந்தால் தடிமனைக் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கியது 0.3 மில்லிமீட்டர், அதற்கே திரை உள்பக்கம் மடங்கும்போது சற்று இறுக்கமாகத்தான் மூடுகிறது. என்னுடையது தொடுதிரை இல்லை, அதனால் ஒட்டுக் கண்ணாடி வழியே விரல் தொடுவதைத் திரை எப்படி உணரும் என்பதை நண்பர் ஒருவரின் கேமராவில் ஒருநாள் மாலை மட்டும் பார்த்தேன். அன்று ஒரு குறையும் தெரியவில்லை.