ஸ்லைடு செய்றது ஈஸி, இன்னொரு சிஸ்டத்துல அது அப்படியே திறக்கணுமே

15 வருஷத்துக்கு மேல பயிற்சி வகுப்பு எடுக்குறேன், அதுல பாதி நேரம் ஸ்லைடு செய்றதுலயே போயிருக்கும். பவர்பாயின்ட், லிப்ரெ ஆஃபீஸ் இம்ப்ரெஸ், கூகுள் ஸ்லைட்ஸ்னு மூணையும் மாத்தி மாத்தி யூஸ் பண்ணிட்டேன், மூணுலயும் எனக்கு வேலை நல்லாவே ஓடிருக்கு. ஆனா ஒரு விஷயம் புரியத்தான் ரொம்ப நாள் ஆச்சு. ஸ்கிரீன்ல தெரியுறது எல்லாமே அந்த ஃபைலுக்குள்ள இருக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன், அப்படி இல்லவே இல்ல.

முதல் அடி ஃபான்ட்ல விழுந்துச்சு. பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல டைப் பண்ணி 40 ஸ்லைடு ரெடி பண்ணி பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போனேன், அங்க இருந்த சிஸ்டத்துல பாமினி இல்ல. தலைப்புல "தமிழ்"னு இருக்க வேண்டிய இடத்துல ஜே, கே, பி, ஓ, பக்கத்துல ஒரு செமிகோலன். 40 ஸ்லைடும் அதே கதைதான். பாமினில அடிக்கும்போது ஃபைலுக்குள்ள போறது இங்கிலீஷ் எழுத்துதான், ஃபான்ட்தான் அத தமிழா வரைஞ்சு காட்டுது, ஃபான்ட் இல்லன்னா உள்ள இருக்கிறது அப்படியே வெளிய வந்துரும். அன்னிக்கு போர்டுல எழுதிப் போட்டுத்தான் வகுப்ப முடிச்சேன். அதுக்கப்புறம் தமிழ தமிழாவே ஃபைலுக்குள்ள வைக்குற யூனிகோட் முறை தவிர எதுலயும் டைப் பண்றதில்ல. பழைய ஸ்லைடையெல்லாம் கன்வர்ட்டர் வச்சு மாத்தினேன், அது நடுவுல இருக்குற நிஜமான இங்கிலீஷ் வார்த்தையையும் சேத்து தமிழாக்கி குதறிரும், அதனால ஒவ்வொரு ஸ்லைடா உக்காந்து சரி பாத்தேன், ஒரு மாசம் ஓடிப்போச்சு ஆனா செஞ்சது நல்லதாப் போச்சு.

யூனிகோட் ஆனாலும் முழுசா நிம்மதி கிடையாது. எழுத்து எழுத்தாவே தெரியும், ஆனா நாம போட்ட ஃபான்ட் அங்க இல்லன்னா வேற ஃபான்ட் வந்து உக்காரும், ஒவ்வொண்ணுக்கும் அகலம் வேற வேற, தமிழ்ல வார்த்தையும் நீளம், ரெண்டு வரில அழகா நின்ன பாயின்ட் மூணாவது வரிக்குப் போயி கீழ இருக்குற படத்து மேல ஏறிரும். பவர்பாயின்ட்ல சேவ் ஆப்ஷன்ஸ்குள்ள போனா ஃபான்ட்ட ஃபைலோடவே எம்பெட் பண்ணிக்கலாம். யூஸ் பண்ண எழுத்து மட்டும்னு ஒண்ணு, எல்லா எழுத்தும்னு ஒண்ணு, ரெண்டு வழி இருக்கு, இன்னொருத்தர் எடிட் பண்ணப் போறாருன்னா ரெண்டாவதத்தான் எடுக்கணும். சில ஃபான்ட்டுக்கு லைசென்ஸ் இடம் கொடுக்காது, அது எம்பெட் ஆகாது. வேற சாஃப்ட்வேர்ல திறந்தா எம்பெட் பண்ணது எடுபடும்னும் நம்பிடக் கூடாது. நான் இப்ப நோட்டோ சான்ஸ் தமிழ்தான் போடுறேன், இலவசம், எந்த சிஸ்டத்துலயும் இன்ஸ்டால் பண்ணிக்கலாம், ஃபைல் கூடவே ஒரு ஃபோல்டர்ல போட்டு எடுத்துட்டும் போயிடுறேன்.

அடுத்தது ஃபைல் சைஸ். பவர்பாயின்ட் ஃபைல்ல பிபிடிங்கிறது பழைய வகை, ஆஃபீஸ் 2007லேர்ந்து பிபிடிஎக்ஸ். இந்த பிபிடிஎக்ஸ் உண்மையில பல ஃபைல ஒண்ணா சுருக்கிக் கட்டுன ஒரு ஜிப் ஃபைல்தான், ஒரு காப்பி எடுத்து பேர ஜிப்னு மாத்தித் திறந்து பாருங்க, பிபிடின்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள மீடியான்னு ஒண்ணு, நாம போட்ட படம் எல்லாம் அங்கதான் இருக்கும். ஒரு தடவ 20 ஸ்லைடுக்கு 90 எம்பி ஆயிருச்சேன்னு திறந்து பாத்தா, ஒரு மூலைல சின்னதா கிராப் பண்ணி வச்சிருந்த போட்டோ முழு சைஸ்ல அப்படியே உள்ள கிடக்கு. போட்டோல ஓரமா நின்னவங்கள மறைக்கத்தான் கிராப் பண்ணியிருந்தேன், அவங்க முகம் அங்க தெளிவா இருக்கு! ஃபைல வாங்குற யாரும் கிராப்ப இழுத்து விட்டாப் போதும், பாத்துரலாம். இது சைஸ் பிரச்சினைய விடப் பெருசுன்னு அப்பத்தான் உறைச்சது. கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்ல கிராப் பண்ண பகுதிய டெலீட் பண்ணச் சொல்லி ஒரு டிக் இருக்கு, அதக் கொடுத்து ரெசல்யூஷன 150 பிபிஐ (இன்ச்சுக்கு 150 பிக்சல்) வச்சேன், 90 எம்பி 12 எம்பி ஆச்சு. இப்ப யாருக்கு அனுப்புறதுன்னாலும் இதச் செய்யாம அனுப்புறதில்ல. கம்ப்ரெஸ் பண்ணி சேவ் பண்ணா பழைய குவாலிட்டி திரும்ப வராது, அதனால காப்பில மட்டும்தான் பண்ணுவேன்.

சேவ் விஷயத்துல சொல்றதுக்கு நிறைய இல்ல. ஆட்டோ ரெக்கவர்னு பவர்பாயின்ட் தானா காப்பி எடுத்து வைக்குற வசதி, சும்மா விட்டா 10 நிமிஷத்துக்கு ஒரு தடவதான், நான் 3 ஆக்கி வச்சிருக்கேன், அது கன்ட்ரோல் எஸ்ஸுக்கு பதிலே கிடையாது. பென் டிரைவ்லயே திறந்து எடிட் பண்ணாதீங்க, டெஸ்க்டாப்புக்கு காப்பி பண்ணிட்டு திறங்க, சேவ் ஆகிட்டு இருக்கும்போது யாரோ உருவிட்டுப் போயி ஒரு ஃபைல முழுசா இழந்திருக்கேன்.

கன்வர்ட் பண்றதுல எனக்கு ஒரே பழக்கம்தான், எதுல செஞ்சேனோ அதுலயே ஒரிஜினல் இருக்கும், மத்ததெல்லாம் கடைசில எடுக்குற காப்பி. பிபிடிஎக்ஸ இம்ப்ரெஸ்ல திறந்து அதோட சொந்த வகையான ஓடிபியா சேவ் பண்ணி திரும்ப பிபிடிஎக்ஸ் ஆக்கி, இப்படி போயிட்டு வந்தா ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒண்ணு நகரும், ஸ்மார்ட் ஆர்ட்ல போட்ட டயக்ராம் சாதா டப்பாவாகும், அனிமேஷன் வரிசை மாறும். ஒரு ஸ்லைடுல இருக்குறது நகர்ந்து அடுத்ததா மாறுற மார்ஃப் எஃபெக்ட் போட்ட ஸ்லைட பழைய பவர்பாயின்ட்ல திறந்தா வெறுமனே மங்கி மாறுற ஃபேட்தான் வரும். கூகுள் ஸ்லைட்ஸ்ல மாத்துறதுக்கு 100 எம்பி வரைக்கும்தான் இடம், ஆனா நாலு பேர் சேந்து வேலை பாக்கணும்னா பழைய நிலைக்குத் திரும்பிப் போக விடுற அதோட வெர்ஷன் ஹிஸ்டரி பெரிய நிம்மதி.

பிடிஎஃப் எடுக்குறதுல ஒண்ணே ஒண்ணு கவனிங்க. ஒரு படம் வந்து போயி அதே இடத்துல இன்னொண்ணு வர்ற மாதிரி அனிமேஷன் வச்சிருந்தா பிடிஎஃப்ல எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா குவிஞ்சிரும். அந்த ஸ்லைட டூப்ளிகேட் பண்ணி ரெண்டு மூணு ஸ்லைடா பிரிச்சுட்டு எடுப்பேன். நிறைய ஃபைல் இருந்தா லிப்ரெ ஆஃபீஸ ஹெட்லெஸ் மோட்ல, அதாவது விண்டோ திறக்காம கமாண்ட் கொடுத்து ஓட்டினா ஒரு ஃபோல்டரையே மொத்தமா பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துரும். ஆன்லைன் கன்வர்ட்டருக்கு மார்க் லிஸ்ட், சம்பளக் கணக்கு இருக்குற ஸ்லைடயெல்லாம் ஏத்தாதீங்க, அது யாரோட சர்வருக்கோ போகுது.

வீடியோவா எக்ஸ்போர்ட் பண்ணா, டைமிங் வைக்காத ஸ்லைடு ஒவ்வொண்ணுக்கும் பவர்பாயின்ட் தானா 5 செகண்ட்தான் கொடுக்கும். இது தெரியாம முதல்ல எடுத்த வீடியோல எட்டு வரி தமிழ் இருந்த ஸ்லைடு படிக்கிறதுக்குள்ள ஓடிருச்சு, வகுப்புல ஒருத்தர் போன்ல பாத்துட்டு நிறுத்தி நிறுத்திப் படிச்சேன் சார்னு சொன்னாரு. இப்ப ஒவ்வொரு ஸ்லைடையும் வாய்விட்டுப் படிச்சு ரெக்கார்ட் பண்ணிட்டுத்தான் எக்ஸ்போர்ட் கொடுக்குறேன், எட்டு வரிக்கு 25 செகண்ட் ஆகுது.