ஆர்எம்எஃப் மானிட்டர் 3: ஈசிஎஸ்ஏ எங்கே போகிறது?

ஐபிஎம் மெயின்பிரேம்களின் ஆபரேட்டிங் சிஸ்டமான இசட்/ஓஎஸ்ஸைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு, சிஸ்டம் எப்படி ஓடுகிறது என்று காட்டும் ஐபிஎம்மின் ஆர்எம்எஃப் மானிட்டர் 3-ஐத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். அதிலும், முடிந்துபோன ஜாப்கள் திருப்பித் தராத பொது மெமரியைக் காட்டும் ஸ்டோர்சிஆர் (STORCR) திரைக்காகவே.

சிஎஸ்ஏ (CSA), அதன் 16 எம்பிக்கு மேலுள்ள பகுதியான ஈசிஎஸ்ஏ (ECSA) இரண்டும் எல்லா அட்ரஸ் ஸ்பேஸுக்கும் (ஒவ்வொரு ஜாப்புக்கும் உள்ள தனி மெமரி வெளிக்கும்) பொதுவான மெமரி. எடுத்த ஜாப் முடிந்துபோனாலும், அது திருப்பித் தராத இடம் பெரும்பாலும் அடுத்த ஐபிஎல் (சிஸ்டத்தை மறுபடி துவக்குவது) வரை அப்படியே கிடக்கும். போதாததற்கு, சிஸ்டத்துக்கென்றே உள்ள பொது மெமரியான எஸ்க்யூஏ (SQA) நிரம்பினால் அதுவும் சிஎஸ்ஏவில்தான் கை வைக்கும்.

எங்கள் சிஸ்டத்தில் ஈசிஎஸ்ஏ சதவீதம் மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. எந்த ஜாப் எவ்வளவு பொது மெமரி பிடித்திருக்கிறது என்று காட்டும் ஸ்டோர்சி (STORC) திரையில் ஓடிக்கொண்டிருந்த ஜாப்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தன. ஸ்டோர்சிஆரைத் திறந்ததும் விஷயம் விளங்கிவிட்டது: ஒரே ஜாப் பெயர் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே முடிந்த தேதி, நேரம், விட்டுச்சென்ற அளவு. இரவில் நின்று நின்று ஓடும் ஒரு வெளி மென்பொருளின் டாஸ்க் அது. அந்தத் திரையையே அந்த மென்பொருளைத் தந்தவர்களுக்கு அனுப்பினேன், திருத்தம் வந்தது. வாதமே எழவில்லை.

ஒன்று முக்கியம். சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் பார்ம்லிபின் டயாக் மெம்பரில் (DIAGxx), பொது மெமரியை யார் எடுத்தார்கள் என்று கணக்கு வைக்கும் விஎஸ்எம் டிராக்கை (VSM TRACK) சிஎஸ்ஏ, எஸ்க்யூஏ இரண்டுக்கும் ஆன் செய்திருக்க வேண்டும். செட் டயாக் கட்டளையால் ஓடும்போதே ஆன் செய்யலாம், சரி. ஆனால் அதற்கு முன் எடுத்த இடத்துக்குக் கணக்கு கிடைக்காது. அதனால் ஐபிஎல் ஆகும்போதே ஆன் ஆகும்படி வைத்துவிடுங்கள்.