சாவிக்கொத்தில் ஒரு டார்ச்

எங்கள் மாடிப்படி பல்பு ஃப்யூஸ் போய் மூன்று மாதம் ஆகிறது. முதலில் வாங்கிய மலிவு டார்ச் பைக்குள்ளேயே அழுந்தி எரிந்து, தேவைப்பட்ட நேரத்தில் செத்துக் கிடந்தது. அப்புறம்தான் நைட்கோர் கம்பெனியின் ‘டியூப்’ என்ற குட்டிச் சாவிக்கொத்து டார்ச் வாங்கினேன். வெளிச்ச அளவு அதிகபட்சம் 45 லூமென்தான்; மச்சான் கேட்டுச் சிரித்தார். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குப் பூட்டுத் துளை தேட 1 லூமெனே போதும். அதில் 48 மணி நேரம் எரியும் என்கிறது கம்பெனி.

சார்ஜ் போட மைக்ரோ யுஎஸ்பி. இதற்காகவே ஒரு பழைய கேபிளை ஒளித்து வைத்திருக்கிறேன். பேட்டரியை மாற்ற வழியில்லை. இப்போது வாங்குகிறவர்கள் டைப்-சி இருக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரல் அளவு டார்ச்சில் பல நூறு லூமென் என்றால் மயங்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் சூடாகித் தானே மங்கிவிடும்.