டர்பன் ஓத நாட்காட்டி: நேரமும் மட்டமும் சரி, மீன் படங்கள் வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தூண்டில் சாமான் விற்கும் கடையொன்று அச்சிட்டிருக்கும் இந்தச் சுவர் நாட்காட்டி, நாள்தோறும் கடல் ஓதத்தின் (நீர் உயர்ந்து தாழ்வதன்) ஏற்ற, வற்ற நேரங்களோடு நீர்மட்டத்தையும் மீட்டரில் தருகிறது. கரையில் நின்று மீன் பிடிப்பவர்களுக்கு இந்த இரண்டாவது விவரம்தான் முக்கியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 1.8 மீட்டர் வேறுபாடு இருக்கும். அஷ்டமியை ஒட்டி அது அரை மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். பெரிய ஏற்றத்தில், சற்று முன்புவரை ஈர மணலாகக் கிடந்த இடத்தில் முழங்கால் அளவு நீர் நிற்கும். அலை பின்வாங்கும்போது மணல் அரிபட்டு, புதைந்திருந்த சிறு நண்டுகளும் மட்டிகளும் வெளிப்பட, அவற்றைத் தின்ன 'வேவ் காரிக்' என்ற பாரை வகை மீன் அலையோடு சேர்ந்தே கரையேறி வருகிறது. மடவைக் குஞ்சுகளோ பெரிய மீன்களுக்குத் தப்புவதற்காக அந்த ஆழமற்ற விளிம்பிலேயே ஒதுங்குகின்றன. நீர் வற்றத் தொடங்கினால், மீன்கள் மணல்திட்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களுக்கு இறங்கிவிடும்.

பிறை நிலையையும் தேதிக்குப் பக்கத்திலேயே காட்டியிருப்பதால் தனியாகப் பஞ்சாங்கம் பார்க்கத் தேவையில்லை. 'ஷாட்' (shad) என்ற மீனைப் பிடிக்க அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரையுள்ள தடையை அந்தந்த மாதத்தில் சிவப்பு எழுத்தில் குறித்திருப்பது மிகவும் பாராட்டத்தக்கது.

ஆனால், 'நல்ல நாள்' என்று சில தேதிகளில் மீன் படம் போட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே ஏற்றம் எல்லா மீனுக்கும் ஒரேபோல் பயன்படுவதில்லை. அலையின் வேகம், நீரின் கலங்கல், பகலா இரவா என்பதெல்லாம் சேர்ந்துதான் எந்த மீன் கரைக்கு வரும் என்பதை முடிவு செய்கின்றன. நிலவை மட்டும் வைத்துக் குறித்த படத்தை நம்பிப் புதியவர்கள் ஏமாறுவார்கள்.

இன்னொரு குறை பாதுகாப்பு தொடர்பானது. அச்சிட்ட மட்டம் சூரிய, சந்திர ஈர்ப்பைக் கொண்டு கணித்தது மட்டுமே. காற்றழுத்தம் குறைந்தாலும் கரை நோக்கிக் காற்று வீசினாலும் கடல் அதற்கு மேலும் உயரும். 2007 மார்ச்சில் ஆண்டின் பெரிய ஏற்றத்தோடு புயலலைகளும் சேர்ந்தபோது இக்கரையின் மணல் எப்படி அடித்துச் செல்லப்பட்டது என்பதைப் பலரும் நேரில் கண்டிருக்கிறோம். மீன் படங்களை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இந்த எச்சரிக்கையை அச்சிடுமாறு கடைக்காரரைக் கேட்டுக்கொள்கிறேன்.