பப்மெட், கூகுள் ஸ்காலர், காக்ரேன், எம்பேஸ்: தட்டிய சொல்லை எது எப்படிப் படிக்கிறது?

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, இதயத்தை ஒட்டியுள்ள டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ் என்னும் இரத்தக்குழாய் சில வேளைகளில் மூடாமல் திறந்தே இருந்துவிடும். அதை மூடவைக்க இபுபுரூஃபென் கொடுப்பது வழக்கம். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலும் அதே வேலையைச் செய்யுமா என்ற கேள்வி 2011-க்குப் பிறகு வலுத்தது. இந்த ஒரே கேள்வியை, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் இந்த நான்கு தளங்களில் தேடிப் பார்த்தால், எதில் எத்தனை கோடிப் பதிவுகள் உள்ளன என்பதைவிட, நாம் தட்டிய சொல்லை அது எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதே பலனைத் தீர்மானிக்கிறது என்பது விளங்கும்.

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட், 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். அதன் பெரும்பகுதியான மெட்லைன் என்ற கட்டுரைப் பதிவுத் தொகுப்பில் ஒவ்வொரு கட்டுரைக்கும் மெஷ் என்ற பொதுச் சொற்பட்டியலிலிருந்து தலைப்புச் சொற்கள் இடப்படுகின்றன. அப்பட்டியலில் பாராசிட்டமாலுக்கு உரிய தலைப்பு, அமெரிக்கர்கள் அதற்கு வைத்திருக்கும் அசிட்டமினோஃபென் என்ற பெயர்தான். பாராசிட்டமால் என்று வெறுமனே தட்டினால் பப்மெட் தானாகவே அந்தத் தலைப்பையும் சேர்த்துத் தேடும். துல்லியமாகத் தேடுகிறோம் என்று நினைத்து அதே சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தத் தானியங்கி மாற்றம் நின்றுவிடும்; அசிட்டமினோஃபென் என்று மட்டும் எழுதிய கட்டுரைகள், ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல், பட்டியலிலிருந்து காணாமற்போகும். சொல்லின் வாலை வெட்டி நட்சத்திரக்குறி இட்டாலும் இதே கதைதான். விரிதேடல் பக்கத்தில் நம் தேடல்களின் வரலாறு இருக்கிறது. அதில் விவரம் என்ற இடத்தைத் திறந்தால், நாம் தட்டியதை இயந்திரம் எப்படி விரித்துப் படித்தது என்பது முழுமையாகத் தெரியும். பத்து விநாடி வேலை. ஆய்வேடு எழுதும் முதுநிலை மாணவர் ஒருவருக்கு ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லித்தர வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

மெஷ் தலைப்பை மட்டும் நம்புவதும் ஆபத்து. பப்மெட்டில் உள்ள எல்லாமே மெட்லைன் அன்று. பப்மெட் சென்ட்ரல் என்ற முழுக்கட்டுரைக் களஞ்சியத்தின் வழியாக உள்ளே வரும் இதழ்களுக்கு, அவற்றில் இந்திய இதழ்களும் பல, மெஷ் தலைப்பு இடப்படுவதில்லை. எனவே ஒவ்வொரு கருத்துக்கும் மெஷ் தலைப்பையும், தலைப்பிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய சொற்களையும் ‘அல்லது’ என இணைத்து, பிறகு மருந்து, நோய், குழந்தை என்ற மூன்று தொகுதிகளையும் ‘மற்றும்’ என இணைப்பதே முறை.

காலவரம்பும் கவனிக்கத்தக்கது. 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆஸ்துமா ஆய்வு ஒன்றில், ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை உள்ளிழுத்த 24 வயதுத் தன்னார்வலர் இறந்தார். ஆய்வாளர் பயன்படுத்திய பப்மெட் தேடல் அப்போது 1966-க்குப் பிந்தைய கட்டுரைகளையே எட்டியது. அம்மருந்து நுரையீரலைப் பாதிக்கக்கூடும் என்பதைச் சொன்ன 1950-களின் கட்டுரைகள் அதற்கு வெளியே இருந்தன. இன்று மெட்லைன் 1940-கள் வரை பின்னோக்கிச் செல்கிறது. ஆனாலும் அந்தப் பழைய பதிவுகள் பெரும்பாலானவற்றில் சுருக்கம் இல்லை என்பதால், சுருக்கத்தில் வரும் சொல்லை வைத்துத் தேடுபவருக்கு அவை எளிதில் அகப்படா.

2004-இல் வந்த கூகுள் ஸ்காலரிடம் சொற்பட்டியல் எதுவும் இல்லை. அது கட்டுரையின் முழு உரையையும் துழாவுவதால், பாராசிட்டமால் என்ற சொல் மேற்கோள் பட்டியலில் ஒருமுறை வந்தாலும் அக்கட்டுரையைக் கொண்டுவந்து நிறுத்தும். பல்லாயிரம் முடிவுகள் என்று மேலே காட்டினாலும் 1,000-க்கு மேல் பார்க்க விடாது. அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட பழைய கட்டுரைகள் பெரும்பாலும் முன்னால் நிற்கும். நேற்றுத் தேடிய வரிசை இன்று அப்படியே கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் இதை மட்டும் எழுதுவது ஏற்கத்தக்கதன்று. இருந்தும் ஒரு வேலைக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை: முக்கியமான ஒரு கட்டுரை கையில் கிடைத்துவிட்டால், அதை மேற்கோள் காட்டியவை எவை என்ற இணைப்பைச் சொடுக்கி, அந்தப் பட்டியலுக்குள்ளேயே மறுபடியும் தேடலாம். பாதை தெரியாத தலைப்புக்கு இது நல்ல வழித்துணை.

சிகிச்சை பற்றிய கேள்வியென்றால் நான் முதலில் திறப்பது காக்ரேன் நூலகத்தைத்தான். நம் கேள்விக்கே அங்கே ஒரு முறைசார் மதிப்பாய்வு, அதாவது ஒரு கேள்விக்கான ஆய்வுகளை வரையறுத்த முறைப்படி தேடித் தொகுத்து எடைபோட்ட கட்டுரை, இருக்கிறது. இரத்தக்குழாயை மூடுவதில் பாராசிட்டமாலுக்கும் இபுபுரூஃபெனுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை என்று அதன் 2022 பதிப்பு மிதமான உறுதியோடு சொல்கிறது. மணிக்கணக்கில் தேட வேண்டியது ஐந்து நிமிடத்தில் முடிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் பெற்ற தேசிய உரிமம், நாட்டில் உள்ள எவரும் அதைக் கட்டணமின்றிப் படிக்க வழி செய்தது. அரிய நோய், நோயறியும் சோதனை போன்றவற்றில் அங்கே வெறுங்கையோடு திரும்ப நேரலாம். மதிப்பாய்வு எந்தத் தேதி வரை தேடியது என்று பார்த்து, அதற்குப் பின் வந்தவற்றைப் பப்மெட்டில் தேடிச் சேர்க்கவும் வேண்டும்.

எல்செவியர் நடத்தும் எம்பேஸ் கட்டணச் சேவை. பெரும்பாலும் நிறுவனங்களே சந்தா கட்டுகின்றன. மருந்துகள், அவற்றின் பக்கவிளைவுகள், ஐரோப்பிய இதழ்கள், மாநாட்டுச் சுருக்கங்கள் ஆகியவற்றில் அதன் வீச்சு பப்மெட்டைவிடப் பெரிது. அதன் சொற்பட்டியலான எம்ட்ரீயில் நம் மருந்தின் தலைப்பு பாராசிட்டமால் என்றே இருக்கிறது. பப்மெட்டுக்கு எழுதிய தேடல் வரியை அப்படியே இங்கே ஒட்டினால் பயன் தராது. தலைப்புச் சொற்களையும் குறியீடுகளையும் மாற்றி எழுத வேண்டும். மெட்லைன் பதிவுகளும் அதில் அடங்கியிருப்பதால், இரண்டிலும் தேடுபவர் இரட்டைப் பதிவுகளைக் களைவதற்கென்று தனியே நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். முறைசார் மதிப்பாய்வு எழுதுபவர் எம்பேஸைத் தவிர்க்கக் கூடாது. கல்லூரியில் சந்தா இல்லையென்றால், எவற்றில், எந்தத் தேதியில், எந்த வரியைக் கொண்டு தேடினோம் என்பதோடு எம்பேஸில் தேடவில்லை என்பதையும் முறையியல் பகுதியிலேயே எழுதிவிட வேண்டும்.