வேலூர் சிஎம்சி, பாகாயம் ரீஹாப்: போறதுக்கு முன்னாடி இத படிச்சிட்டு போங்க

சிஎம்சி, அதான் கிறிஸ்டியன் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, அத பத்தி நெட்ல தேடினா அப்பாயின்ட்மென்ட் எப்படி வாங்கறது, எந்த லாட்ஜ் சீப், ரிப்போர்ட் எங்க வாங்கறது, இதான் வருது. அதெல்லாம் வேணும், கடைசில நானும் கொஞ்சம் சொல்றேன். ஆனா நான் எழுத உக்காந்தது அங்க ஆளுங்கள எப்படி நடத்துறாங்கன்றத பத்தி. நாங்க சாமி கும்பிடற குடும்பம், அம்மா காலைல விபூதி பூசாம பச்ச தண்ணி கூட குடிக்க மாட்டாங்க, அதனால மதத்துக்காக தூக்கி பேசறேன்னு யாரும் நெனக்க வேணாம். கிறிஸ்தவங்க அன்பு அன்புன்னு சொல்றது வேலைல எறங்குனா எப்படி இருக்கும்னு நான் நேர்ல பாத்தது அங்கதான்.

அம்மாவுக்கு பக்கவாதம் வந்து வலது பக்கம் கை கால் ரெண்டும் விழுந்துடுச்சி. மொதல்ல சேத்த ஆஸ்பத்திரில உயிர காப்பாத்திட்டாங்க, அதுக்கப்புறம் இவ்ளோதான், வீட்ல வெச்சி பாத்துக்கங்கன்னு அனுப்பிட்டாங்க. சாப்பாடு ஊட்டி விடணும், பாத்ரூமுக்கு ரெண்டு பேர் தூக்கணும், அம்மா பேசறதையே கொறச்சிட்டாங்க. எங்க சித்தப்பாதான் பாகாயம் கூட்டிட்டு போடான்னாரு. தெரியாதவங்களுக்கு சொல்றேன், வேலூர் டவுனுக்குள்ள இருக்கறது மெயின் ஆஸ்பத்திரி, பாகாயம் கொஞ்சம் தள்ளி இருக்கு, மெடிக்கல் காலேஜ் இருக்கற பக்கம். அங்கதான் மேரி வர்கீஸ் பேர்ல இருக்கற மறுவாழ்வு மையம், எல்லாரும் ரீஹாப்னுதான் சொல்லுவாங்க. மரம், நெழல், வீல்சேர் போற மாதிரி பாதை, ஆஸ்பத்திரி நாத்தம் இல்லாத எடம்.

உள்ள நடக்கற வேலைய சொல்றேன். கைக்கு பயிற்சி குடுக்கற ரூம்ல ஒரு மேஜை, அதுல ஒரு கிண்ணத்துல மொச்சக்கொட்டை, இன்னொரு கிண்ணம் காலி. இதுலருந்து அதுக்கு ஒவ்வொன்னா எடுத்து போடணும், அவ்ளோதான். பாக்க சின்ன புள்ளைங்க வெளையாட்டு மாதிரி இருக்கும், ஆனா அம்மாவுக்கு மொத மொச்சைய கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல புடிக்கறதுக்குள்ள நெத்தியெல்லாம் வேர்த்துடும். கீழ விழும், அந்த தெரபிஸ்ட் பொண்ணு குனிஞ்சி எடுத்து வெக்கும், மறுபடி விழும், மறுபடி எடுத்து வெக்கும், மூஞ்சில ஒரு சலிப்பு கெடையாது. அந்த பொண்ணு நாகாலாந்து. தமிழ் இங்க வந்து கத்துக்கிட்டதாம், "பாட்டி இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி"ன்னு அது சொல்ற தமிழ் அம்மாவுக்கு ரொம்ப புடிச்சிடுச்சி. நான் பக்கத்துல நின்னு அவசரப்பட்டு விழுந்தத பொறுக்க போனா, வேணாம் அண்ணா, அவங்க பண்ணட்டும்னு கண்ணாலயே சொல்லும்.

ஒரு நாள் காலுக்கு ஸ்பிளின்ட், அதாவது தாங்கு பட்டை, மாட்டணும். அந்த பொண்ணு தரையில மண்டி போட்டு உக்காந்து அம்மா பாதத்த எடுத்து மடில வெச்சிகிட்டு, வெரலுக்கு நடுவுல ஈரம் இருக்கான்னு தொடச்சி பாத்து, புண்ணு எங்கயாவது இருக்கான்னு குதிகால திருப்பி பாத்து, அப்பறம் பட்டைய கட்டுது. அம்மாவுக்கு உடம்பே கூசிடுச்சி, "கால தொடாதம்மா, வேணாம்மா, நீ படிச்ச புள்ள"ன்னு கால இழுக்கறாங்க, இழுக்க முடியல. அது சிரிச்சிகிட்டே "பாட்டி, என் வேலையே கால்தான்"னுச்சு. பக்கத்துல இருந்த ஒரு கிறிஸ்தவ அம்மா அப்பறமா சொன்னாங்க, ஏசு சீஷங்க காலையே கழுவுனாரும்மா, பெரிய வியாழனுக்கு சர்ச்ல சாமியாரு இன்னைக்கும் ஜனங்க கால கழுவுவாருன்னு. எனக்கு அது தெரியாது. ஆனா வருசத்துக்கு ஒரு நாள் சர்ச்ல பண்றத இங்க தெனமும் காலைல ட்யூட்டில பண்றாங்கன்னு மட்டும் புரிஞ்சிது.

இந்த எடம் வந்த கதைய தெரிஞ்சிகிட்டு போனா இன்னும் நல்லா புரியும். மேரி வர்கீஸ்ன்றவங்க இங்கயே டாக்டரா இருந்தவங்க, 1954ல வண்டி விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்கு கீழ செத்துப்போச்சி. நம்ம வீடுன்னா அதோட ஒரு ரூம்ல படுக்க வெச்சிருப்போம். அவங்க வீல்சேர்ல உக்காந்தபடியே தொழுநோய் வந்தவங்க கைக்கு ஆபரேஷன் பண்ணிருக்காங்க. அப்பறம் நியூயார்க் போயி இந்த மறுவாழ்வு வைத்தியத்த படிச்சிட்டு திரும்பி வந்து, 1966ல இந்த மையம் வந்துச்சி. 1972ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. இங்க வீல்சேர்ல வர்ற ஒரு பையன் கிட்ட யாரும் "பாவம்"னு பேசாததுக்கு காரணம் இதான்னு நான் நெனக்கறேன், எடத்துக்கு பேரே வீல்சேர்ல இருந்த ஒருத்தங்க பேரு.

அவங்களுக்கு கை ஆபரேஷன் கத்துக்குடுத்தவரு பால் பிராண்ட். 1914ல நம்ம கொல்லிமலையில பொறந்தவரு, அப்பா அம்மா அங்க மிஷனரி. 1946ல வேலூர் வந்தாரு. அப்பல்லாம் தொழுநோயாளின்னா சோறு கூட தூரமா வெச்சிட்டு ஓடுவாங்க. தொழுநோய்னா சதையே அழுகிடும்னு எல்லாரும் நம்பிட்டிருந்த நேரத்துல, இல்ல, வலி தெரியாததாலதான் சூடு பட்டும் வெட்டு பட்டும் வெரல் போகுது, சதை நம்ம சதை மாதிரியேதான் ஆறுதுன்னு அவரு கண்டுபுடிச்சாரு. மடங்கிப்போன வெரலுக்கு, வேலை செய்யற வேற தசையோட நார (தசைநாண்) மாத்தி கட்டி திரும்ப விரிய வெச்சாரு. கை சரியாகி ஊருக்கு போனா யாரும் வேலை குடுக்க மாட்டாங்கன்னு பாகாயத்துலயே நவ ஜீவ நிலையம்னு ஒன்னு ஆரம்பிச்சி அவங்களுக்கு தச்சு வேலை கத்துக்குடுத்திருக்காங்க. சேவைன்னா அந்த கடைசி வரைக்கும் யோசிக்கறதுதான், ஆபரேஷனோட முடிக்கறது இல்ல. எங்கம்மாவ டிஸ்சார்ஜ் பண்றதுக்கு முன்னாடி கூட, வீட்ல வாசப்படி எவ்ளோ ஒசரம், கக்கூஸ் இந்தியனா வெஸ்டர்னா, அடுப்பு கீழயா மேடையிலயான்னு ஒன்னொன்னா கேட்டு எழுதிகிட்டாங்க.

இதுக்கெல்லாம் அடி போட்டவங்க ஐடா ஸ்கடர். அவங்க கத நெறய பேருக்கு தெரிஞ்சிருக்கும், சுருக்கமா சொல்றேன். திண்டிவனத்துல அவங்க அப்பா மிஷனரி டாக்டரு. ஒரே ராத்திரில மூனு பேரு வந்து கதவ தட்டுறாங்க, ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு சாதி இந்து, மூனு பேரு பொண்டாட்டிக்கும் பிரசவம் சிக்கலாயிடுச்சி. பொம்பள டாக்டர்தான் வேணும், ஆம்பள தொடக்கூடாதுன்னு மூனு பேருமே சொல்லிட்டாங்க. ஐடா அப்ப டாக்டர் இல்ல, படிப்ப முடிச்ச சின்ன பொண்ணு, திரும்ப அமெரிக்கா போயிடலாம்னு இருந்தவங்க. விடியறதுக்குள்ள மூனு பொம்பளைங்களும் செத்துட்டாங்க. அந்த பொண்ணு அமெரிக்கா போயி டாக்டருக்கு படிச்சிட்டு 1900ல திரும்பி வந்து வேலூர்ல ஒத்த பெட்டோட ஆரம்பிச்சாங்க. 1902ல ஷெல் ஆஸ்பத்திரி, 1918ல பொம்பளைங்களுக்கு மட்டும் மெடிக்கல் ஸ்கூல், ஆம்பள பசங்கள சேத்தது 1947லதான். 1960ல சாகற வரைக்கும் இந்த நாட்டுலயே இருந்துட்டாங்க. சிஎம்சியோட கொள்கை வாசகம், ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்யன்றதுதான், பைபிள்ல மத்தேயுல வர்றது.

கதவ தட்டுன மூனு பேரும் மூனு வேற ஆளுங்கன்றத யோசிச்சி பாருங்க, இன்னைக்கும் வார்டுல அதேதான். எங்க பெட்டுக்கு இந்த பக்கம் மேற்கு வங்காளத்து மால்டால இருந்து வந்த வங்காளி முஸ்லிம் குடும்பம், அந்த பக்கம் ஜார்க்கண்ட், எதுத்தாப்ல ஒடிசா. நர்ஸ் சிஸ்டருங்க மலையாளம், தமிழ், தெலுங்கு. ஒரு ஆளுக்கு ஒரு பாஷை தெரியலன்னா அடுத்த பெட்டுக்காரர கூப்ட்டு வெச்சி பேசிடுவாங்க. நான் ஓசூர்ல கம்பெனில வடக்கத்தி பசங்களோடதான் வேலை பாக்கறேன், இந்தி பேசுவேன், அதனால என்னையும் அடிக்கடி கூப்டுவாங்க. ஆஸ்பத்திரிய சுத்தி டவுன்ல பாத்தீங்கன்னா கடைக்கு கடை வங்காளி எழுத்து போர்டு, மீன் கொழம்பு மீல்ஸ், எவ்ளோ பேர் நம்பி வர்றாங்கன்னு அதுலயே தெரியும்.

சாப்ளின்னு சொல்றாங்க, ஜெபம் பண்ற ஐயா, அவரு வருவாரு. எங்க கிட்ட வந்து மொதல்ல பேர் கேட்டாரு, எந்த ஊரு, என்ன பயிர்னு கேட்டாரு, அப்பறமா "அம்மாவுக்காக ஜெபிக்கலாமா, உங்களுக்கு சம்மதமா"ன்னாரு. அம்மா தலையாட்டுனாங்க. ரெண்டு நிமிசம்தான். அடுத்த பெட்டுல அந்த மால்டா பாய் கைய கூப்பி, வேணாம்னு மரியாதையா சொன்னாரு. ஐயா மூஞ்சி ஒரு துளி மாறல, சரி பாய்னு சொல்லிட்டு அங்கயே ஸ்டூல இழுத்து போட்டு அவரு பையன் ஸ்கூல் பத்தி பேசிட்டிருந்தாரு, எங்க கிட்ட இருந்தத விட ஜாஸ்தி நேரம். அந்த பாய் தொழுவறதுக்கு வராண்டா ஓரத்துல துணி விரிச்சா, அந்த நேரத்துல அந்த பக்கம் ட்ராலி தள்ளிட்டு வர்றவரு சுத்திகிட்டு போவாரு. யாரும் சொல்லி செய்யல. எங்கம்மா விபூதிய குளிப்பாட்டும்போது அழிச்சிட்டா சிஸ்டரே "டப்பா எங்க இருக்கு"ன்னு கேட்டு எடுத்து குடுப்பாங்க.

மன்னிப்பு பத்தி சொல்லணும், ஏன்னா எனக்கு மனசுல ரொம்ப நின்னது அதான். ஜார்க்கண்ட் பையன் ஒருத்தன், அண்ணன் மரத்துல இருந்து விழுந்து முதுகு போயிடுச்சி, ராத்திரி தூக்கம் இல்லாம, காசு கவலை, ஒரு நாள் ஒன்னுமில்லாத விசயத்துக்கு சிஸ்டர் மேல பாஞ்சிட்டான். அவங்க ஊர், நிறம் எல்லாத்தையும் இழுத்து இந்தில அசிங்கமா பேசிட்டான், எனக்கு புரிஞ்சிது, அந்த சிஸ்டருக்கும் புரிஞ்சிதுன்னு அவங்க கண்ணுல தெரிஞ்சிது. ஒன்னும் சொல்லல. போயி தண்ணி குடிச்சிட்டு வந்தாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ அவன் அண்ணன திருப்பி படுக்க வெக்கணும், இல்லன்னா படுக்கைப்புண்ணு வந்துடும், அந்த ராத்திரி முழுக்க அதே சிஸ்டர் கரெக்ட்டா வந்து திருப்பினாங்க. அவன் அசந்து தூங்கிட்டான், எழுப்பவே இல்ல, இன்னொரு அட்டெண்டரை கூப்ட்டு செஞ்சாங்க. காலைல அவன் போயி நின்னு மாஃப் கரோ தீதி, மன்னிச்சிடுங்க அக்கான்னு அழறான். அவங்க அவங்களுக்கு தெரிஞ்ச அரைகொறை இந்தில "நாஷ்தா கியா?"ன்னு கேட்டாங்க. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை கூட சொல்லல, சாப்ட்டியான்னுதான் கேட்டாங்க.

இத பாத்துட்டு எதுத்த பெட்டு ஒடிசா பெரியவரு ஒன்னு சொன்னாரு. அவரு ஊரு மயூர்பஞ்ச் பாரிபதா பக்கம். அங்க தொழுநோயாளிங்களுக்கு ஒரு இல்லம், கிரஹாம் ஸ்டெயின்ஸ்ன்ற ஆஸ்திரேலியா மிஷனரி நடத்திட்டிருந்தாரு. 1999 ஜனவரில மனோகர்பூர்ல வண்டிக்குள்ள தூங்கிட்டிருந்தவர, பத்து வயசு பையன் பிலிப், ஆறு வயசு பையன் திமோத்தி, மூனு பேரையும் ஒரு கும்பல் உயிரோட எரிச்சிடுச்சி. பேப்பர்ல எல்லாம் வந்த விசயம், எனக்கு அப்ப சின்ன வயசு, லேசா ஞாபகம் இருக்கு. அவரு பொண்டாட்டி கிளாடிஸ், கொன்னவங்கள மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டு, மிச்சம் இருந்த ஒரே பொண்ணு எஸ்தரோட அதே ஊர்ல இருந்து அதே தொழுநோயாளிங்கள பாத்துகிட்டாங்க, 2004 வரைக்கும். 2005ல பத்மஸ்ரீ. பெரியவரு சொல்றாரு, "அந்தம்மா ஓடிப்போயிருந்தா யாரும் தப்பு சொல்லிருக்க மாட்டோம், நாங்களே போங்கன்னுதான் சொல்லிருப்போம், அந்தம்மா போகல"ன்னு. அவரு இந்து, கிராமத்துல பூசாரி குடும்பமாம், ஆனா அத சொல்லும்போது கண்ணு கலங்கிடுச்சி. மன்னிக்கறதுன்னா மனசுல கோவம் போறதுன்னுதான் நான் இத்தன நாள் நெனச்சிட்டிருந்தேன், அதுக்கப்பறமும் அந்த எடத்துலயே நின்னு வேலை செய்யறது வரைக்கும் போகும்னு இந்த ரெண்டுலயும்தான் பாத்தேன்.

சரி, இப்ப போறவங்களுக்கு. ரயில்ல வந்தா காட்பாடில எறங்குங்க, அங்கருந்து டவுனுக்கு பஸ்ஸு ஆட்டோ எப்பவும் இருக்கு. மொதல்ல பேர் பதிஞ்சி ஹாஸ்பிட்டல் நம்பர் வாங்கணும், அந்த நம்பர் இல்லாம எதுவும் நகராது, எழுதி பர்ஸ்ல வெச்சிக்கங்க. பணம் கட்ட கிரிஸ் கார்டுன்னு ஒன்னு குடுப்பாங்க, அதுல போட்டு வெச்சிகிட்டா ஒவ்வொரு தடவையும் கேஷ் கவுன்டர்ல நிக்க வேணாம். ஜெனரல், பிரைவேட்னு ரெண்டு வகை ஓபி இருக்கு, ஜெனரல்ல செலவு கம்மி. நாடு முழுக்க இருந்து ஜனங்க வர்ற எடம், கூட்டம் இருக்கும், காலைல சீக்கிரம் போங்க, கைல சாப்பாடு தண்ணி வெச்சிக்கங்க. பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் பேப்பர் எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி எடுத்துட்டு போங்க, அங்க அத முழுசா படிக்கறாங்க. காசுக்கு ரொம்ப கஷ்டம்னா மறைக்காம டாக்டர் கிட்டயே சொல்லுங்க, சோஷியல் ஒர்க்கர் கிட்ட அனுப்புவாங்க, ஏழைங்களுக்குன்னே கொறஞ்ச செலவுல பாக்கற தனி யூனிட்டும் இருக்கு.

ரீஹாப்புக்கு போறவங்க முக்கியமா ஒன்னு, கூட இருக்கறவரு வெறும் தொணைக்கு இல்ல, அவருக்கும் சேத்துதான் டிரெயினிங். எப்படி தூக்கணும், எப்படி திருப்பணும், கட்டில்லருந்து வீல்சேருக்கு எப்படி மாத்தணும், எல்லாம் நம்மள செய்ய வெச்சி பாத்துட்டுதான் விடுவாங்க. அதனால வீட்ல யாரு நெசமா பாத்துக்க போறாங்களோ அவங்களயே கூட்டிட்டு போங்க, ஆம்பளையா இருந்தாலும் சரி. எங்க வீட்ல நான்தான் கத்துக்கிட்டேன், இப்ப அம்மாவுக்கு தல பின்றது வரைக்கும் நானே செய்றேன். அம்மா தன் கையாலயே சோறு பெசஞ்சி சாப்பிடறாங்க, ரசம் மட்டும் இன்னும் கொஞ்சம் சிந்தும். அடுத்த ரிவ்யூவுக்கு போகும்போது அந்த நாகாலாந்து பொண்ணுக்கு குடுக்கணும்னு வீட்டு எள்ளுல உருண்டை புடிக்க போறாங்களாம், வலது கையிலதான் புடிப்பேன்னு பிடிவாதம்.