ஏலக்காய் ஸ்டோரில் பேய்ப்படம்: அந்த கெஸ்ட் ஹவுஸ் தேறுமா?

குமுளியிலிருந்து மூணாறு போகும் ரோட்டில், ஆனக்கரையைத் தாண்டி உள்ளே இறங்கும் ஜீப் பாதையின் முடிவில் நிற்கிறது அந்தக் கட்டடம். ஒரு காலத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். இப்போது ஐந்து அறை கெஸ்ட் ஹவுஸ். சின்ன பட்ஜெட்டில் பேய்ப்படம் எடுக்கக் கிளம்பும் யூனிட்டுகள் கம்பம், கூடலூர் பக்கம் லொக்கேஷன் தேடி வந்தால் இந்த மாதிரி இடத்தைத்தான் புரோக்கர்கள் முதலில் காட்டுவார்கள். பெயர் இங்கே வேண்டாம். இந்த மலையில் ஸ்டோரை விடுதியாக்கிய கட்டடம் எதுவானாலும் குணம் ஏறக்குறைய இதுதான்.

போட்டோவில் எல்லோரையும் மயக்குவது மூடுபனி. அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கின் காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிரும்போது பனி மூடுகிறது; காற்று திசை மாறினால் பத்தே நிமிடத்தில் பளிச்சென்று வெயில். வைடு ஷாட்டில் பனி, குளோசப்பில் சுத்தமான வானம் என்று வந்தால் எடிட்டிங்கில் ஒட்டாது. உள்ளே புகை வேண்டுமானால் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போடுங்கள். போட்டவுடன் கேமராவை ஓட்டினால் புகை கயிறு கயிறாகத் தெரியும். ஒரு தட்டால் விசிறி, இரண்டு நிமிடம் பொறுத்து எடுத்தால் அறை முழுக்கச் சீராகப் பரவியிருக்கும். அடுத்த டேக்குக்கும் அதே அளவு, அதே காத்திருப்பு. புகை மெஷின் வாடகை மிச்சம். யூனிட்டில் மூச்சிரைப்பு உள்ளவர் இருந்தால் மட்டும் இந்த வேலை ஆகாது.

இந்தக் கட்டடத்தில் உண்மையிலேயே காசு பெறுவது பின்பக்கத்து உலர்த்தும் அறை. பச்சை ஏலக்காயை ஏறக்குறைய ஐம்பது டிகிரிச் சூட்டில் இரவு முழுக்கக் காயவைத்த இடம். சூடு வெளியேறாமலிருக்கச் சுவரைத் தடியாகக் கட்டி, மேலே இரண்டே இரண்டு வென்டிலேட்டர் விட்டிருக்கிறார்கள். அந்த இரண்டையும் கறுப்புத் துணி இரட்டையாக மடித்து அடைத்துவிட்டால் பகல் பதினொரு மணிக்கே நடுச்சாமம். இரவுக் காட்சியைப் பகலில் எடுக்கலாம். இரவு பேட்டா இல்லை, தூங்கி வழியும் லைட்மேன் இல்லை, குளிரில் பல் தந்தியடிக்கும் நடிகை இல்லை. அடுப்பிலிருந்து வந்த இரும்புக் குழாய்களையும் கம்பிவலைத் தட்டுகளையும் ஓனர் இன்னும் கழற்றவில்லை. வலைக்குக் கீழே ஒரே ஒரு லைட்டை வைத்தால் முகத்தில் கட்டம் கட்டமாக நிழல் விழும். ஆர்ட் டைரக்டருக்கு வேலையே இல்லை. அறையில் ஏலக்காய் வாசனை இன்னும் போகவில்லை. கேமராவில் வாசனை பதியாது என்பது இங்கே நஷ்டம்தான்.

அடுத்தது, அந்த அறைக்குப் போகும் நடை. நாலடி அகலம், இருபத்தெட்டு அடி நீளம், இடப்பக்கம் மூன்று கதவு. டிராலி தண்டவாளம் போட்டால் தள்ளுகிற ஆளுக்கு நிற்க இடமிருக்காது. ஆனால் தரை பழைய சிவப்பு ஆக்சைடு, கண்ணாடி மாதிரி தேய்ந்திருக்கிறது. ஜமுக்காளத்தை விரித்து, கேமராமேனை அதில் உட்காரவைத்து, இரண்டு பேர் மெதுவாக இழுத்தால் ஆடாமல் அசையாமல் ஷாட் வரும். இழுக்கிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட வேண்டும், ரப்பர் கிறீச்சிடும். லைட்டை நடைக்குள் வைக்காதீர்கள். நடுக்கதவுக்குள் ஒன்று, கடைசி ஜன்னலுக்கு வெளியே பத்தடி தள்ளி ஒன்று, இது போதும். முன்னால் இருட்டு, நடுவில் வெளிச்சம், அதற்கப்பால் மறுபடி இருட்டு என்று மூன்று அடுக்கு கிடைக்கும். பார்க்கிறவர் கண் தானாகக் கடைசி இருட்டில் போய் நிற்கும். நடையில் ஆளுயரக் கண்ணாடி பீரோ ஒன்று உண்டு. யூனிட் மொத்தமும் அதில் தெரியும். முன்பக்கத்து இரண்டு கால்களுக்கடியிலும் அட்டையை மடித்துச் சொருகிக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் சரி.

முன்பக்கத்து மூன்று அறைகளையும் பேய்ப்படத்துக்கு மறந்துவிடலாம். வழவழ டைல்ஸ், ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், சுற்றிலும் எல்இடி ஸ்ட்ரிப், வெள்ளைச் சுவர். ஒரு விளக்கு போட்டால் நாலு பக்கமும் தெறித்து நிழலைக் கொன்றுவிடும். வசனம் பேசினால் குளியலறை எதிரொலி. மேக்கப் அறையாக, சாப்பாட்டு அறையாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எடுத்தே ஆகவேண்டுமென்றால் கேமராவுக்குத் தெரியாத தரையெங்கும் ஜமுக்காளம் விரித்து, வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத் தேயிலை டிகாஷனில் முக்கி மங்கலாக்குங்கள். ஸ்ட்ரிப்பை அணைத்துவிடுங்கள். சாதாரண பல்பு காட்சியில் தெரிந்தால், விநாடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கும்போது ஷட்டரை விநாடியில் 50-ல் ஒரு பங்குக்கு மாற்றுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்; அதோடு ஒத்துப்போனால் திரையில் பட்டை ஓடாது. மலிவான ஸ்ட்ரிப் இதற்கும் அடங்காது.

கரண்ட் விஷயத்தில் ஓனர் சொல்வதை நம்பவே கூடாது. ‘பதினாறு ஆம்பியர் பிளக் இருக்கு, என்ன வேணும்னாலும் போடுங்க’ என்பார். கணக்குப்படி அது 3,600 வாட் தாங்கும். 300 வாட் லைட் நாலு போட்டாலும் பாதிகூட ஆகாது. ஆனால் அதே லைனில் 2,000 வாட் கீசரும் சமையலறை மிக்ஸியும் ஓடுகின்றன. யாராவது குளிக்கப் போனால் நல்ல டேக் நடுவில் எம்சிபி (லோடு கூடினால் கரண்ட்டைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழலாம். சாயங்காலம் ஏழிலிருந்து பத்து வரை வோல்டேஜும் தள்ளாடுகிறது. 5 கேவிஏ ஜெனரேட்டர் எடுத்து, படுதாக்குளத்துக்கு (பிளாஸ்டிக் படுதா விரித்துத் தண்ணீர் தேக்கும் குளம்) பின்னால் நாற்பது மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். கேபிள் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பாக இருந்தால் பத்து ஆம்பியருக்கு ஆறு வோல்ட்தான் குறையும். சுருளாகவே விட்டு ஓட்டினால் கேபிள் சூடேறி உருகும். முழுக்கப் பிரித்துப் போடுங்கள்.

சவுண்டுதான் இந்த இடத்தின் பலவீனம். கூரை ஓடு, முன்னால் தகர ஷீட். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை அடித்தால் வசனப் பதிவு அவ்வளவுதான், டப்பிங் தியேட்டருக்குத்தான் போகவேண்டும். மழையில்லாத மாதங்களில் அந்தி சாயும்போது சில்வண்டு தொடங்கும். அந்த இரைச்சலை மென்பொருளில் வடிகட்டினால் ‘ச’வும் ‘ஸ’வும் சேர்ந்தே போய்விடும். காலையில் கம்பம், கூடலூரிலிருந்து தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிவரும் ஜீப்புகள், சாயங்காலம் அதே ஜீப்புகள் இறக்கம். நடுவில் பதினொன்றிலிருந்து மூன்று வரை ஓரளவு அமைதி. உலர்த்தும் அறைக் காட்சியையும் முக்கிய வசனத்தையும் அதற்குள் முடியுங்கள். சத்தம் பதியாமலிருக்கச் சமையலறை ஃப்ரிட்ஜை அணைக்கும்போது ஜீப் சாவியை அதற்குள்ளேயே போட்டுவிடுங்கள். கிளம்பும்போது ஃப்ரிட்ஜை மறுபடி போட மறக்கமாட்டீர்கள்.

சாப்பாடு குறை சொல்ல முடியாது. கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) எந்நேரமும் உண்டு, இட்லிக்கு முதல் நாளே சொல்ல வேண்டும். பெரியார் புலிகள் காப்பகத்து எல்லைக்குள் ஒரு ஷாட் என்றாலும் வனத்துறை அனுமதி வேண்டும். புரோக்கர் ‘பார்த்துக்கலாம்’ என்றால் நம்பாதீர்கள். மழைக்காலமென்றால் அட்டைப்பூச்சிக்கு உப்புப் பொட்டலம் ஆளுக்கொன்று.

வாடகை மதியம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று விடுதிக் கணக்கில் போடுகிறார்கள். துணி கட்ட, கேபிள் இழுக்க அரை நாள் போய்விடும் என்பதால் மதியமே உள்ளே நுழைந்து வேலையை முடித்துவிட்டு, மறுநாள் காலை எட்டிலிருந்து எடுங்கள். மூன்று மணி வரை அறையை வைத்துக்கொள்ள மூன்று மணி நேரத்துக்குத் தனியாகப் பேசி, அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் மறுநாள் முழு வாடகை கேட்பார்கள். ரசீது வாங்கும்போதே கீசர், மிக்ஸி, நாலு லைட் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். எம்சிபி விழுந்தால் ஜெனரேட்டர் வாடகையில் பாதியைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம்.